மிகுதி நேரில்

பழையதை எப்போது இயக்கினாலும்
அதற்கு 2002 ஜனவரி முதலாம் திகதி, காலை.
உள்ளே ஒரு பொத்தான் பற்றரி செத்துப் பல வருஷம்.
மாற்ற நூற்றைம்பது ரூபாய். மாற்றவில்லை.
ஒப்பந்தம் கையெழுத்தாக இன்னும் ஐம்பத்திரண்டு நாள் இருக்கிற
அந்தக் காலைக்குள் உட்கார்ந்துதான்
ஸ்ரேஷன் றோட்டில் இத்தனை பேருக்கும் அடித்துக் கொடுத்தேன்:
பிறப்புப் பத்திரம், பொலிஸ் பதிவு,
ஸ்பொன்சர் கடிதம், அந்தியேட்டி அழைப்பு.
பக்கம் நாற்பது ரூபாய்.
நாலாயிரம் கோப்புகள்,
எல்லாம் ஒரே நாளில் பிறந்தவை.

கடலோர ரயில் போனால் மேசை அதிரும்,
திரை ஒருதரம் நெளிந்து நிமிரும்.
உப்புக்காற்றில் திருகாணி எல்லாம் துரு.
போன கிழமை
நெளிந்த திரை நிமிரவில்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து இஷ்ராக் புதியதை
த்ரீவீலில் மடியில் வைத்துக் கொண்டு வந்தான்,
கேக் பெட்டி பிடிக்கிற மாதிரி.
கையோடு ஓர் இரவல் திரையும்.
"எல்லாத்தையும் கொப்பி பண்ணவா ஆன்ட்டி,
வேண்டியத மட்டுமா?"
எல்லாம் என்றேன்.
நகத்தளவு துண்டொன்றில் பதினொரு நிமிஷம்.
அவனுக்கு ஊற்றிய தேத்தண்ணி
இன்னும் ஆறியிருக்கவில்லை.

புதியதில் ஒன்றைத் திறந்தால்
பக்கம் முழுக்க ஆங்கிலச் சின்னெழுத்தும் அரைப்புள்ளியும்,
எந்த மொழியிலும் இல்லாத சொற்கள்.
"வைரஸ் புடிச்சிருக்கு," என்றான்.
இல்லை, இது பாமினி.
எழுத்துரு இல்லாத வீட்டில்
அவள் இப்படித்தான் தலை வாராமல் நிற்பாள்.

எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.
அவன் சிரித்தான்.
என் வலது கை வெறும் மேசையில் அந்த இடங்களைத் தேடியது:
சுட்டுவிரல், நடுவிரல், சின்னவிரல்,
நடுவிரல், சுட்டுவிரல்.
போன வழியே திரும்பி வருகிற சொல்.
அம்மா.

பிறகு கண்ணை மூடிக்கொண்டேன்,
அவன் எழுத்தெழுத்தாகச் சொல்ல
விரல்கள் வாசித்தன.
அம்மா, நான் நல்ல சுகம்.
லொட்ஜில் சாப்பாடு பரவாயில்லை.
ஏஜென்சிக்காரன் அடுத்த மாதம் என்கிறான்.
பல்லு வலி இப்போது இல்லை.
மிகுதி நேரில்.

கிருபாநிதி. கொட்டாஞ்சேனையில் தங்கியிருந்தவன்.
"என்ர கையெழுத்து கோழி கிளறினது அக்கா,
அம்மாவுக்குக் கண்ணும் மங்கல்,
பெரிய எழுத்தா அடியுங்கோ."
பதினெட்டில் அடித்தேன். இரண்டு பக்கம் வந்தது.
நாற்பது தந்தான், மற்ற நாற்பதுக்குப் பையைத் தடவினான்.
பின்னேரம் வந்து எடுக்கிறன் என்றான்.
தாள் ஒரு வருஷம் லாச்சியில் கிடந்து
மஞ்சளாகிப் பிறகு
எதற்கோ அடியில் விரிக்கப் போயிற்று.

இஷ்ராக் எழுத்துருவை இறக்கினான், ஒரு நிமிஷ வேலை.
கடிதம் தமிழாக எழுந்து நின்றது,
பதினெட்டில், தெளிவாக.
"இப்ப சரி தானே," என்றான்.
சரிதான்.

புதியது கெட்டிக்காரி.
திகதியைத் தானே எங்கிருந்தோ கேட்டு வைத்துக்கொள்கிறது.
பாதிச் சொல்லில் மீதியை நீட்டுகிறது.
நேற்று ஒருத்தி வந்து
தம்பியைப் பற்றி ஒரு விண்ணப்பம் அடிக்கச் சொன்னாள்.
கா என்று தொடங்கினேன்.
காலை வணக்கம் என்றது.
அழித்துவிட்டு
காணாமல் என்று முழுக்க நானே அடித்தேன்.

செத்த திரையைப் போத்தல் பேப்பர்க்காரன்
கிலோக் கணக்கில் நிறுத்துக்கொண்டு போனான்.
பெட்டியையும் கேட்டான்.
இருக்கட்டும் என்றேன், ஏனென்று அவன் கேட்கவில்லை.
மேசைக்குக் கீழே, என் கால் படுகிற தூரத்தில்.
கூட்டும்போது மட்டும் நகர்த்துகிறேன்.
அதற்குள் இன்னும்
பின்னேரம் ஆகவில்லை.